கஞ்சியும் ஈரமும் சூடும்: வீட்டிலேயே துணி தேய்த்துப் பார்த்த பதிவு

கழற்றி வைத்தால் சட்டை தானாக நிற்க வேண்டும் என்று சிலர் கஞ்சி போடுவார்கள். எனக்கு வேண்டியது அது இல்லை. காலர் மடங்கக் கூடாது. கை மடிப்பு சாயங்காலம் வரை கலையக் கூடாது. கழுத்தை அறுக்கக் கூடாது. கறுப்புத் துணியில் வெள்ளைத் திட்டு தெரியக் கூடாது. இதையெல்லாம் வீட்டு அடுப்பையும் ஒரு சாதாரண இஸ்திரிப் பெட்டியையும் வைத்துக்கொண்டு செய்ய முடியுமா என்று கொஞ்ச நாளாகப் பரீட்சை செய்து வருகிறேன். முடிகிறது. கஞ்சி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளித்துவிடலாம். துணி எந்த ஈரத்தில் பெட்டிக்கு அடியில் போகிறது என்பது தப்பினால்தான் சமாளிக்க முடியாது. அதனால் கஞ்சியை விட ஈரத்தைப் பற்றித்தான் இதில் அதிகம் எழுதியிருக்கிறேன்.

நல்ல துணியில் கை வைக்கும் முன் பழைய வெள்ளைப் பருத்திப் படுக்கை விரிப்பு ஒன்றைக் கைக்குட்டை அளவில் கிழித்துக்கொண்டேன். கூடவே கருநீலப் பருத்தித் துண்டு கொஞ்சம், பாலியஸ்டர் கலந்த சட்டைத் துணி கொஞ்சம். ஒவ்வொன்றின் மூலையிலும் அழியாத மையால் என்ன கஞ்சி, எவ்வளவு என்று எழுதிவைத்தேன். எழுதாவிட்டால் காய்ந்த பிறகு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

எந்த மாவு

சோள மாவு, ஜவ்வரிசி, மைதா, சோறு வடித்த கஞ்சி ஆகிய நாலையும் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் வேலை செய்வது ஒரே பொருள்தான், மாவுச்சத்து. அதற்குள் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு வகை உண்டு. நேர்ச் சங்கிலியாக இருக்கும் அமைலோஸ் காய்ந்ததும் விறைப்பான படலமாகிறது. கிளை கிளையாகப் பிரிந்திருக்கும் அமைலோபெக்டின் குழகுழப்பைத் தருகிறது. சோள மாவில் ஏறக்குறைய கால் பங்கு அமைலோஸ். மரவள்ளிக் கிழங்கு மாவில் அது குறைவு. சந்தையில் கிடைக்கும் ஜவ்வரிசி பெரும்பாலும் மரவள்ளி மாவில் செய்ததே. துண்டுகளைக் கையில் எடுத்தாலே வித்தியாசம் புரிகிறது: சோள மாவுத் துண்டு விரலால் சுண்டினால் சத்தம் கொடுக்கிறது, ஜவ்வரிசித் துண்டு வளைந்து கொடுக்கிறது, ஆனால் பளபளப்பாக இருக்கிறது. கருநீலத் துணியில் ஜவ்வரிசிதான் ஜெயித்தது. அதன் படலம் கண்ணாடி மாதிரித் தெளிவு. சோள மாவு லேசாக வெளுப்புக் காட்டியது.

மைதாவை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதில் மாவுச்சத்தோடு புரதமும் இருக்கிறது. கட்டி தட்டுகிறது, சீக்கிரம் புளிக்கிறது. வடிகஞ்சி இலவசமாகக் கிடைக்கிறது, துணிக்கும் இதமானது. அதன் ஒரே தொல்லை, அரிசிக்கு அரிசி, வைத்த தண்ணீருக்குத் தக்கபடி கெட்டி மாறுவது. இன்றைக்குச் சரியாக வந்தது நாளைக்கும் வரும் என்று நிச்சயமில்லை. உப்புப் போட்டு வடித்திருந்தால் துணிக்கு எடுக்காமல் விட்டுவிடலாம்.

கடைசியில் நிலைத்த கணக்கு இது. அன்றாடச் சட்டைக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சோள மாவு தலைதட்டி ஒரு மேசைக்கரண்டி. வேட்டி, மேசை விரிப்பு, காலர் இவற்றுக்கு இரண்டு. மூன்றுக்கு மேல் போனால் துணி மடிப்பில் முறிகிறது. அந்த முறிவு வெள்ளைக் கோடாகத் தெரிகிறது.

காய்ச்சுவது

மாவை நேராகக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டினால் கட்டிதான் மிஞ்சும். வெளிப்பக்கத்து மாவு சட்டென்று ஊதிப் பசையாகி உள்ளே இருக்கும் மாவுக்குத் தண்ணீர் போகாமல் அடைத்துவிடுகிறது. பிறகு எவ்வளவு கிளறினாலும் அந்தக் கட்டியின் நடுவில் பச்சை மாவு அப்படியே இருக்கும். ஆகவே முதலில் அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு, கொதிக்கும் தண்ணீரில் ஒரு கையால் ஊற்றி மறு கையால் கிளற வேண்டும். மாவுத் துகள் நீரை உறிஞ்சி வெடித்துப் பசையாவது பெரும்பாலான மாவுகளில் 60 முதல் 80 டிகிரி செல்சியசுக்குள் நடந்துவிடுகிறது. பால் நிறம் மங்கிக் கொஞ்சம் ஊடுருவித் தெரிய ஆரம்பிப்பதுதான் அடையாளம். அதற்குப் பிறகும் இரண்டு நிமிடம் சிறு தீயில் விடுகிறேன். இறக்கி, பழைய மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டுகிறேன். டீ வடிகட்டி போதாது. அதன் ஓட்டை வழியே தப்பிப் போகும் கட்டிதான் கறுப்புச் சட்டையில் திட்டாக உட்காருகிறது.

காய்ச்சாமல் வெறும் மாவுத் தண்ணீரைத் தெளித்துத் தேய்த்தால் என்ன ஆகும் என்றும் பார்த்தேன். துணியில் போதுமான ஈரம் இருந்தால் இஸ்திரிப் பெட்டியின் சூட்டிலேயே மாவு அங்கேயே வேகிறது. காலர் விறைப்பில் இதை அடிக்க வேறு எதுவும் இல்லை. கழற்றி மாட்டும் காலர்கள் புழங்கிய 19-ஆம் நூற்றாண்டுச் சலவைக்காரர்கள் ஐரோப்பாவில் இப்படிப் பச்சை மாவுக் கஞ்சிதான் போட்டார்கள். ஆனால் பெட்டியின் அடித்தட்டை ஒட்டி இழுக்கிறது, பாட்டிலில் அடிக்கடி குலுக்க வேண்டியிருக்கிறது, ஈரம் பற்றாத இடத்தில் மாவாகவே உதிர்கிறது. காலர், கஃப் (கை முனைப் பட்டி) இரண்டோடு நிறுத்திக்கொண்டால் நல்லது.

அயோடின் சொன்ன சேதி

கஞ்சி துணியில் எங்கே ஏறியிருக்கிறது என்று கண்ணால் தெரியாது. ஆனால் வீட்டு மருந்துப் பெட்டியிலேயே அதற்கு வழி இருக்கிறது. காயத்துக்குப் போடும் போவிடோன் அயோடின் கரைசலைத் தண்ணீர் விட்டு வெளிர் பழுப்பாக நீர்த்துச் சோதனைத் துண்டின் மேல் தெளித்தேன். மாவுச்சத்து இருக்கும் இடமெல்லாம் உடனே கருநீலமாகிறது. அமைலோஸ் சங்கிலி சுருளாகச் சுற்றிக்கொண்டு அயோடினைத் தன் நடுவில் பிடித்துவைப்பதால் வரும் நிறம் இது.

முதலில் பார்த்தது கொடியில் தொங்கவிட்டுக் காயவைத்த துண்டு. மேல் விளிம்பு வெளிர் ஊதா, கீழ் விளிம்பு கிட்டத்தட்ட கறுப்பு. சொட்டும் தண்ணீரோடு கஞ்சியும் கீழே இறங்கி விளிம்பில் தேங்கியிருக்கிறது. புடவையின் ஒரு கரை மட்டும் ஏன் விறைத்துக்கொண்டு நிற்கிறது, சட்டையின் அடிப்பகுதி ஏன் கெட்டியாகவும் தோள் ஏன் துவண்டும் இருக்கிறது என்பதற்கெல்லாம் பதில் அந்த ஒரு துண்டில் இருந்தது. பாதி காய்ந்ததும் தலைகீழாகத் திருப்பிப் போட்ட துண்டில் நிறம் ஏறக்குறைய சீராக வந்தது. நன்றாகப் பிழிந்துவிட்டுக் காயவைத்ததில் இன்னும் சீர்.

இன்னொன்று, காய்ந்த துணியை முக்கினால் கஞ்சி முதலில் பட்ட இடத்தில் அதிகமாகக் குடித்துவிடுகிறது. அயோடின் அதை மேகம் மேகமாகக் காட்டியது. அலசிப் பிழிந்த ஈரத் துணியை முக்கினால் அந்தத் திட்டு இல்லை. துணிக்குள் ஏற்கெனவே இருக்கும் தண்ணீர் கஞ்சியைச் சற்று நீர்க்கச் செய்வதால் மாவைக் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பாலியஸ்டர் கலந்த துண்டு வெளுப்பாகவே நின்றது. பருத்தி நூல் மட்டும் நீலம் ஏறி, பாலியஸ்டர் நூல் நிறம் மாறாமல் இருந்ததால் பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது கலவைத் துணியின் கட்டமே புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. தண்ணீரையே அண்டவிடாத இழை, தண்ணீரில் கரைந்த கஞ்சியை எப்படிப் பிடிக்கும்? முழுப் பாலியஸ்டர் சட்டைக்குக் கஞ்சி போடுவது கஞ்சிக்கும் கேடு, நேரத்துக்கும் கேடு.

(இந்தக் கறை பயமுறுத்தும், ஆனால் வைட்டமின் சி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்துவிடும். அதற்காக உடுத்தும் துணியில் முயல வேண்டாம்.)

முக்குவது, காயவைப்பது

சோப்புத் தண்ணீர் துணியில் தங்கியிருந்தால் பெட்டிச் சூட்டில் மஞ்சளிக்கிறது. அதனால் கஞ்சிக்கு முன் அலசலில் சோம்பல் கூடாது. கறுப்பு, கருநீலத் துணிகளை உள்பக்கம் வெளியே வருமாறு புரட்டி முக்குகிறேன். நீலம் போடுவதாக இருந்தால் அதைத் தனியாகத் தண்ணீரில் கலக்கித் துணியில் வடிகட்டிப் பிறகு கஞ்சியில் சேர்க்கிறேன். தூள் நீலம் தண்ணீரில் கரைவதில்லை, மிதந்துகொண்டுதான் இருக்கிறது. அடியில் தங்கிய துகள் பட்டால் புள்ளி விழும்.

பிழிந்ததும் உதறி, நாலு மூலையையும் நூல் போன வாக்கிலேயே இழுத்துச் சதுரமாக்கிவிட வேண்டும். கோணலாகக் காய்ந்த கஞ்சித் துணியை இஸ்திரிப் பெட்டி நேராக்காது. அந்தக் கோணலையே சுத்தமாகத் தேய்த்துக் கொடுக்கும்.

ஈரம்

பருத்தி இழை என்பது செல்லுலோஸ் சங்கிலிகளின் கட்டு. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. துணி கசங்கிய நிலையில் காயும்போது அந்தப் பிணைப்புகள் கசங்கிய இடத்திலேயே இறுகுகின்றன. சுருக்கம் என்பது அதுதான். தண்ணீர் உள்ளே போனால் பிணைப்பு தளர்கிறது, இழை இளகுகிறது. தட்டையாக அழுத்தி வைத்துக்கொண்டே தண்ணீரை விரட்டினால் பிணைப்பு தட்டையாகவே மறுபடி இறுகுகிறது. கஞ்சியும் அப்படித்தான். ஈரத்தில் இளகி, அழுத்தத்தில் இழைகளுக்கு நடுவில் பரவி, காயும்போது படலமாகிறது. சூட்டின் வேலை இதில் பெரும்பகுதி தண்ணீரை விரட்டுவதே. ஆகவே பெட்டி படும்போது துணிக்குள் தண்ணீர் இருந்தாக வேண்டும், பெட்டி விலகும்போது இருக்கவே கூடாது.

எலும்பாகக் காய்ந்த துண்டைப் பெட்டியின் மூன்று புள்ளிச் சூட்டில், அதாவது உச்சச் சூட்டில், எவ்வளவு அழுத்தியும் பழைய மடிப்பின் தடம் போகவில்லை. கொடியிலிருந்து சொதசொதவென்று எடுத்த துண்டில் பெட்டி நகரவே மறுத்தது. கஞ்சி இளகித் தட்டில் ஒட்டிக்கொண்டது. மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஈரம் நின்று, மடித்து வைத்த சற்று நேரத்தில் சுருக்கம் திரும்ப வந்தது.

சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தபோது, காய்ந்த எடையில் கால் பங்கு அளவுக்குத் தண்ணீர் இருக்கும் துண்டுதான் தேய்க்க வாகாக இருந்தது. 200 கிராம் சட்டைக்கு 50 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். தினமும் யார் நிறுப்பது? புறங்கையில் வைத்தால் ஜில்லென்று இருக்க வேண்டும், கை நனையக் கூடாது. இதுவே போதுமான அளவுகோல்.

இந்த ஈரத்தைக் கொடியிலேயே பிடிக்க முயல்வது சூதாட்டம். தையல் மடிப்பு நனைந்திருக்கும், முதுகு காய்ந்திருக்கும். நான் முழுக்கக் காயவிட்டுப் பிறகு தெளித்துக்கொள்கிறேன். தெளித்தவுடன் தேய்க்கக் கூடாது என்பதுதான் இதில் முக்கியம். துளி விழுந்த இடம் மட்டும் நனைந்திருக்கும். அதைச் சுற்றிக் காய்ந்திருக்கும். துணியை இறுகச் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு ஒரு மணி நேரம் மூடி வைத்தால் ஈரம் தானாகப் பரவிச் சமமாகிவிடுகிறது. கொடியிலிருந்து எடுத்தபோது விறைத்துக்கொண்டிருந்த துணி பையிலிருந்து வெளியே வரும்போது துவண்டு, குளிர்ந்து, சொன்ன பேச்சைக் கேட்கும். வெப்பமான நாளில் இரவு முழுக்க வைத்துவிட வேண்டாம்; ஈரமும் மாவும் சேர்ந்தால் பூஞ்சைக்கு விருந்து.

ஸ்டீம் பெட்டி இருந்தால் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கஞ்சி இல்லாத துணிக்கு ஸ்டீம் அருமை. கஞ்சித் துணியில் ஆவி மேலோட்டமாக நனைத்துவிட்டுப் போகிறது. ஆழத்தில் இருக்கும் கஞ்சி இளகுவதற்குள் பெட்டி கடந்துவிடுகிறது. கூடவே, இளகிய கஞ்சி ஆவித் துளைகளில் போய் அடைகிறது. கஞ்சித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றும் யோசனை யாருக்காவது வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

தேய்ப்பது

பெட்டியில் இருக்கும் ஒரு புள்ளி சுமார் 110 டிகிரி, இரண்டு புள்ளி சுமார் 150, மூன்று சுமார் 200. கஞ்சி போட்ட பருத்திக்கு மூன்று. கலவைத் துணிக்கு இரண்டு. போட்டவுடன் விளக்கு முதல் தடவை அணையும்போது நம்பிவிடக் கூடாது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் உலோகப் பட்டை சூட்டைச் சற்றுத் தாமதமாகத்தான் உணர்கிறது. முதல் சுற்றில் தட்டு குறித்த அளவைத் தாண்டிப் போய்விடும். விளக்கு மறுபடி எரிந்து அணையும் வரை பொறுத்தால் சூடு நிலைக்கு வந்திருக்கும்.

துணியில் தண்ணீர் இருக்கும் வரை அதன் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், தட்டு 200-ல் இருந்தாலும் சரி. தண்ணீர் தீர்ந்த நொடியிலிருந்துதான் சூடு விறுவிறுவென்று ஏறுகிறது. மாவுச்சத்து பழுப்பேறத் தொடங்குவதும் அப்போதுதான். இந்த நொடியைக் காதால் பிடிக்கலாம். பெட்டி வைத்ததும் மெல்லிய 'ஸ்ஸ்' என்ற சத்தம் வரும். இரண்டாவது இழுப்பில் குறையும். சத்தம் நின்றுவிட்டால் அந்த இடம் முடிந்தது, கையை நகர்த்த வேண்டியதுதான். மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தேய்த்தால் நன்றாகவே கேட்கும்.

காலரில்தான் பெரும்பாலும் கோட்டை விடுவது. உள்பக்கத்தை முதலில் தேய்க்க வேண்டும். ஒரு முனையிலிருந்து நடு வரை, பிறகு மறு முனையிலிருந்து நடு வரை. முனையை நோக்கித் தேய்த்தால் உபரித் துணி முனையில் போய்க் குவிந்து தையலோரம் சிறு கொசுவமாக நிற்கும். அதன் மேல் பெட்டி ஏறினால் நிரந்தரக் கோடு. இடது கையால் முனையைப் பிடித்து லேசாக வெளியே இழுத்துக்கொண்டு, பெட்டியின் மூக்கை மட்டும் உள்ளே செலுத்துகிறேன். பின் வெளிப்பக்கம். காலர் மூன்று அடுக்குத் துணி. மேலே சத்தம் நின்றாலும் நடு அடுக்கில் ஈரம் இருக்கும். திருப்பிப் போட்டால் மறுபடி 'ஸ்ஸ்' வருவதே அதற்குச் சாட்சி. இரண்டு பக்கமும் அடங்கும் வரை மாற்றி மாற்றி வைக்க வேண்டும்.

பிறகு தோள்பட்டி, கஃப், கை, பட்டன் பட்டி, கடைசியில் முன்னும் பின்னும். சிறியது முதலில், பெரியது கடைசியில் என்றால் தேய்த்த பரப்பு மறுபடி கசங்காது. தேய்க்கும் வரை மீதித் துணி காயாமல் இருக்க அதன் மேல் ஈரத் துண்டு ஒன்றைப் போட்டு வைக்கிறேன். கறுப்புத் துணியை உள்பக்கமே தேய்க்க வேண்டும். வெளிப்பக்கம் தட்டுப் பட்டால் இழை நசுங்கிப் பளபளக்கும்.

புடவைக்கு இன்னொரு ஆள் வேண்டும். எதிரும் புதிருமாக நின்று இழுத்து, நீளவாக்கில் மடித்து, கரையோடு கரை சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் தொட வேண்டும். ஜரிகை இருந்தால் அதன் மேல் மெல்லிய துணி போட்டுச் சூட்டைக் குறைத்துக்கொள்கிறேன். குறுக்குவாட்டில், அதாவது மூலைவிட்டமாக, ஒருபோதும் தள்ளுவதில்லை. நூல் வாக்கை மீறி இழுபட்ட ஈரத் துணி அப்படியே காய்ந்து நெளியும்.

தேய்த்ததை உடனே மடிக்காமல் கால் மணி நேரம் ஹேங்கரில் விட்டால், மிச்சச் சூட்டோடு மிச்ச ஈரமும் போய்விடும்.

பெட்டிக்கும் சம்பளம் உண்டு

கஞ்சி வேலை செய்யும் பெட்டியின் தட்டில் பழுப்பு ஏடு கட்டும். மாவுச்சத்து சூட்டில் டெக்ஸ்ட்ரினாக மாறிக் கருகியதுதான் அது. கத்தியால் சுரண்டினால் கீறல் விழும். கீறலில் அடுத்த கஞ்சி இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். கஞ்சிக்கு எதிரி தண்ணீரே. பிளக்கைக் கழற்றி, பெட்டி இளஞ்சூட்டுக்கு வந்ததும், நனைத்துப் பிழிந்த தடித்த துண்டின் மேல் தட்டை வைத்துச் சிறிது நேரம் விட்டேன். ஏடு ஊறி இளகியது. துணியால் துடைத்தே பாதிக்கு மேல் வந்துவிட்டது. மிச்சத்துக்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவித் துடைத்தேன். இது பூச்சு இல்லாத எஃகுத் தட்டுக்கு. நான்ஸ்டிக் பூச்சு இருந்தால் சோடாவும் வேண்டாம், ஈரத் துணியும் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பும் போதும்.

கஞ்சி போட்ட துணியை மாதக் கணக்கில் அலமாரியில் வைப்பதில்லை. வெள்ளிப்பூச்சிக்கும் கரப்பானுக்கும் மாவுச்சத்து பிடித்த தீனி. மடிப்பிலேயே விறைத்த இழை அதே இடத்தில் முறியவும் செய்கிறது. நீண்ட நாள் வைக்க வேண்டியதை வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சியைப் போக்கி, தேய்க்காமல் வைக்கிறேன். பல சலவைத் தூள்களில் மாவுச்சத்தைச் சிதைக்கும் அமைலேஸ் நொதி இருப்பதால் ஊறவைத்தாலே போய்விடும். போய்விட்டதா என்று சந்தேகம் இருந்தால், கூட ஊறிய ஒரு சோதனைத் துண்டில் அயோடின் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம்.

மீந்த சோள மாவுக் கஞ்சியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். மறுநாள் கட்டியாக உறைந்து தண்ணீர் தனியே பிரிந்திருந்தது. சூடாக்கினாலும் பழைய வழுவழுப்பு வரவில்லை, வடிகட்டும் துணியிலேயே பாதி தங்கியது. ஜவ்வரிசிக் கஞ்சி அவ்வளவாகப் பிரியவில்லை, மறுநாளும் போட முடிந்தது. அதற்கும் மேல் வைத்தால் அதுவும் புளிக்கிறது, புளித்த வாடை பெட்டி பட்டதும் அறை முழுக்கப் பரவுகிறது.